வீட்டுத் தோட்டத்துக்கு விதை எங்கே?

மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்து வெண்டையோ கத்தரியோ வளர்க்க வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். மண் கிடைக்கும், தொட்டி கிடைக்கும், வெயிலுக்கோ நம் சென்னையில் பஞ்சமே இல்லை. விதைக்கு எங்கே போவது? "கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் போயிற்று" என்பீர்கள். சரி, அடுத்த ஆண்டு? அதற்கடுத்த ஆண்டு? ஒவ்வொரு முறையும் கடையை எதிர்பார்த்து நிற்கும் தோட்டத்தைத் தன்னிறைவுள்ள தோட்டம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு ஓர் இழப்பின் மூலம் எழுந்தது. நாங்கள் ஊரை விட்டு ராயபுரத்துக்குக் குடி வந்தபோது என் தாயார் ஒரு பிடி வெண்டை விதை கொண்டு வந்தார். எட்டுப் பட்டை கொண்ட குட்டை வெண்டை அது. ஊரில் பாட்டி முற்றிய காய்களைக் கொத்தாகக் கட்டி, விறகடுப்புக்கு மேலே உத்திரத்தில் தொங்கவிடுவார். ஆடியில் எடுத்து ஊன்றினால் பழுதில்லாமல் முளைக்கும். ராயபுரத்து வீட்டில் விறகடுப்பு ஏது? விதையைக் காகிதத்தில் மடித்துச் சமையலறைப் பரணில் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை மாதத்தில் 20 விதைகளை ஊன்றினோம். முளைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் இரண்டு இலை விடுமுன் சாய்ந்துவிட்டது.

ஊரில் கெடாத விதை, கடலோர வீட்டில் ஒரே மழைக்காலத்தில் செத்தது ஏன்? வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்தும் ஈரப்பதப் பாடத்திலேயே அதற்கு விடை இருந்தது. பாடம் நடத்தியவன் பரணைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

விதையும் காற்றும்

விதை உயிருள்ள பொருள். அதனுள் முளைக்கரு உறங்குகிறது. மிக மெதுவாகச் சுவாசிக்கிறது. தன்னிடமுள்ள உணவைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. விதைக்குள் நீர் கூடினால் சுவாசம் விரைவுபடும், உணவு கரையும், பூஞ்சணமும் பிடிக்கும். நீர் குறைந்தால் உறக்கம் ஆழமாகும், ஆயுள் நீளும்.

விதைக்குள் எவ்வளவு நீர் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது யார்? சுற்றியுள்ள காற்று! காற்று ஈரமானால் விதை நீரை உறிஞ்சும். காற்று உலர்ந்தால் நீரை வெளிவிடும். சில நாட்களில் இரண்டும் ஒரு சமநிலைக்கு வரும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால் வெண்டை விதையின் எடையில் சுமார் 13 சதவீதம் நீராக இருக்கும். ஈரப்பதம் 45 சதவீதமானால் விதையில் சுமார் 10 சதவீதம் நீர். 30 சதவீதமானால் சுமார் 8 சதவீதம்.

இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றுகிறதா? ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிஞர் இரண்டு எளிய விதிகளைத் தந்திருக்கிறார். ஒன்று: விதையின் நீர் 1 சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் இரு மடங்காகும். இரண்டு: வெப்பநிலை 5 சென்டிகிரேடு குறையும்போதெல்லாம் ஆயுள் இரு மடங்காகும். நீர் 5 முதல் 14 சதவீதம் வரையிலும், வெப்பநிலை 0 முதல் 50 சென்டிகிரேடு வரையிலும் இவை ஏறக்குறையப் பொருந்தும்.

இப்போது கணக்குப் போடுவோம். நீர் 13 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் ஐந்து முறை இரட்டிப்பு; அதாவது 2 × 2 × 2 × 2 × 2 = 32 மடங்கு! பரணில் ஆறு மாதத்தில் கெடும் விதை, உலர்ந்த புட்டியில் 192 மாதம், அதாவது 16 ஆண்டு இருக்க வேண்டும். இது தோராய விதிதான். 16 ஆண்டுக்கு யாரும் எழுத்து மூலம் உறுதி தர முடியாது. ஆனாலும் நாலைந்து ஆண்டுகள் தாங்கும் என்று தைரியமாக நம்பலாம்.

பாட்டியின் அடுப்பு

பாட்டி விதையை அடுப்புக்கு மேல் தொங்கவிட்டாரே, சூட்டில் விதை கெடாதா? இதையும் கணக்காலேயே பார்ப்போம்.

30 சென்டிகிரேடில் காற்று தாங்கக்கூடிய முழு நீராவியின் அழுத்தம் சுமார் 31.8 மில்லிமீட்டர் பாதரசம். ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் உண்மையில் இருப்பது 23.9 மில்லிமீட்டர். அதே காற்று அடுப்பின் மேலே 40 சென்டிகிரேடுக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியது 55.3 மில்லிமீட்டர். எனவே ஒப்பு ஈரப்பதம் 23.9 ÷ 55.3, அதாவது சுமார் 43 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நீராவி எங்கும் போகவில்லை. காற்றின் கொள்ளளவு பெருகியதால் அது உலர்ந்த காற்றாகிவிட்டது.

விதையின் நீர் 13 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கும். ஆயுள் 8 மடங்கு கூடும். வெப்பநிலை 10 சென்டிகிரேடு ஏறியதால் ஆயுள் 4 மடங்கு குறையும். 8 ÷ 4 = 2. ஆக, சூட்டையும் மீறி லாபம் இரு மடங்கு! அடுப்பு நாள் முழுதும் எரியாது என்பதால் உண்மை இதற்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அதோடு புகை வண்டுகளையும் அண்டவிடாது. பாட்டிக்கு நீராவி அழுத்த அட்டவணை தெரியாது. எந்த இடத்தில் வைத்தால் விதை பிழைக்கும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

உப்பு ஜாடி சொல்லும் சேதி

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாகக் காலை வேளையில், ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். உங்கள் வீட்டுக் காற்று எவ்வளவு ஈரமாக உள்ளது என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். சமையலறைக்குப் போய் உப்பு ஜாடியைப் பாருங்கள். தூய சோடியம் குளோரைடு, ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடும் சிறிது கலந்திருப்பதால் அது இன்னும் முன்பே கசியும். தூள் உப்பு கட்டிதட்டும் நாட்களில் பரணிலுள்ள விதையும் நீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதே உப்பை வைத்து விதையையும் சோதிக்கலாம். நன்கு காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு விதையும், வாணலியில் சூடாக்கி ஆறவைத்த இரண்டு சிட்டிகைத் தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் விதையில் 15 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கிறது. ஒட்டவில்லையென்றால் முதல் படி தேறியது. ஆனால் நீண்ட நாள் சேமிக்க மேலும் உலர்த்த வேண்டும்.

உலர்த்துவது எப்படி?

வெயிலில் காயவைத்தால் போதாதா? மொட்டை மாடித் தளம் கோடை நண்பகலில் 50 சென்டிகிரேடையும் தாண்டும். ஈர விதை அந்தச் சூட்டில் வெந்துவிடும். முறத்தில் பரப்பி நிழலிலோ இளங்காலை வெயிலிலோ ஒரு வாரம் காயவிடுங்கள். அதன் பிறகு விதை, வெளிக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். வெளிக்காற்றே ஈரமாயிருக்கையில் அதற்கு மேல் உலர வழியில்லை. ஆகவே புட்டிக்குள் ஓர் உலர்ந்த காற்றை நாமே உண்டாக்க வேண்டும்.

அதற்கு அரிசி போதும். ஒரு கிண்ணம் அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடியே ஆறவையுங்கள். திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். ஒரு பங்கு விதையை மெல்லிய துணியில் முடிந்து, இரண்டு பங்கு வறுத்த அரிசிக்கு நடுவே வைத்து இறுக மூடுங்கள். இரண்டு வாரம் கழித்து விதையை வேறோர் உலர்ந்த புட்டிக்கு மாற்றுங்கள். பெயரும் தேதியும் எழுதி ஒட்ட மறக்காதீர்கள். ஆய்வுக்கூடங்களில் சிலிக்கா ஜெல் பயன்படுத்துவர். அதில் நீலநிற மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் தரும் கோபால்ட் உப்பு நச்சுத் தன்மையுள்ளது. குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால்? 30 சென்டிகிரேடிலிருந்து 5 சென்டிகிரேடுக்கு இறங்கினால் மீண்டும் ஐந்து இரட்டிப்பு, 32 மடங்கு. முந்திய 32 மடங்கோடு பெருக்கினால் 1024 மடங்கு! ஆனால் ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த புட்டியை வெளியே எடுத்த உடனே திறந்தால், குளிர்பானக் குவளையின் மேல் நீர் பூப்பது போல விதையின் மீதும் பூக்கும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

எல்லா விதையும் இப்படி உலர்த்தலுக்கு இணங்காது. மா, பலா, கறிவேப்பிலை விதைகள் உலர்ந்தால் இறந்துவிடும். பழத்தைப் பிழிந்து சதையை நீக்கி உடனே ஊன்ற வேண்டியவை அவை.

விதை எங்கெங்கே கிடைக்கும்?

முதலில் உங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறவுங்கள். கடுகும் வெந்தயமும் அப்படியே முளைக்கும். கொத்தமல்லியின் ஒவ்வோர் உருண்டையும் இரண்டு விதை கொண்ட கனி. செருப்பின் அடியாலோ உருட்டுக் கட்டையாலோ மெதுவாகத் தேய்த்துப் பிளந்து விதையுங்கள். முழுப் பயறும் முழு உளுந்தும் முளைக்கும். உடைத்த பருப்பு முளைக்காது. உடைக்கும்போது முளைக்கரு சிதைந்துவிடுகிறது. புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகியவற்றுக்கு விதையே வேண்டாம். கட்டிலிருந்து முற்றிய தண்டை ஒடித்து ஊன்றினால் போதும்.

இரண்டாவது, அக்கம் பக்கம். உங்கள் தெருவில் யாராவது ஒரு பாட்டி வீட்டில் அவரைப் பந்தலோ, கொல்லையில் பப்பாளியோ இருக்கும். இந்த உப்புக் காற்றிலும் இந்த மண்ணிலும் தேறி வந்த செடி அது. அதைவிட நல்ல சான்றிதழ் எது?

மூன்றாவது, அரசு நிறுவனங்கள். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் பல காய்கறி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. ரகத்தின் பெயரே பிறந்த ஊரைச் சொல்லும். 'கோ' என்றால் கோயம்புத்தூர், 'பி.கே.எம்.' என்றால் பெரியகுளம், 'பி.எல்.ஆர்.' என்றால் கடலூர் மாவட்டத்துப் பாலூர். பி.கே.எம்.1 தக்காளியும் பி.கே.எம்.1 செடிமுருங்கையும் பெரியகுளத்தின் பிள்ளைகள். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள் 'அர்க்கா' என்று தொடங்கும். 1963-இல் தொடங்கிய தேசிய விதைக் கழகமும் விதை விற்கிறது. வடசென்னை மாணவர்கள் மாதவரத்திலுள்ள தோட்டக்கலைத் துறைப் பூங்காவில் விசாரித்துப் பார்க்கலாம்.

நான்காவது, விதைத் திருவிழாக்கள். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஓர் அழகிய ஏற்பாடு இருந்தது. 2 கிலோ விதைநெல் வாங்கிச் செல்பவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 150க்கு மேற்பட்ட மரபு நெல் ரகங்கள் இவ்வாறு மீண்டும் வயலுக்கு வந்தன. அவர் 2018-இல் மறைந்தார். காய்கறி விதைகளும் கைமாறும் இத்தகைய விழாக்கள் இன்று பல ஊர்களில் நடக்கின்றன.

கடைசியாகத்தான் கடை. பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படியுங்கள். சோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன் மூன்றும் இருக்க வேண்டும். சான்று விதையின் அட்டை நீல நிறம். அதன் முளைப்புத் திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 இருக்க வேண்டும் என்பது இந்திய அளவுகோல். விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசியிருந்தால் மருந்து கலந்தது என்று பொருள். தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

ஒட்டு ரகத்தில் ஒரு சிக்கல்

பொட்டலத்தில் 'வீரிய ஒட்டு' அல்லது 'எஃப்1' என்று இருந்தால் அந்தச் செடியின் விதையைச் சேர்த்து வைப்பதில் பயன் குறைவு. ஏன்?

ஒட்டுச் செடி இரு வேறு பெற்றோரின் பண்புகளைக் கலந்து பெற்றது. 1866-இல் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்ட விதிப்படி, அடுத்த தலைமுறையில் அந்தப் பண்புகள் பிரிந்துவிடும். ஒரு பண்பில் மட்டும் பெற்றோர் வேறுபட்டால், அடுத்த தலைமுறையில் பாதிச் செடிகளே அதே கலப்பு நிலையில் இருக்கும். பத்துப் பண்புகளில் வேறுபட்டால்? பாதியின் பாதியின் பாதி என்று பத்து முறை. 1024-இல் ஒரு செடிதான் எல்லா வகையிலும் தாயைப் போல் இருக்கும்! ஆயுளை 1024 மடங்காக்கிய அதே இரட்டிப்புக் கணக்கு இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. பெயரை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது: அர்க்கா அனாமிகா வெண்டை ரகம், விதை சேர்க்கலாம்; அர்க்கா ரக்ஷக் தக்காளி ஒட்டு. கடைத்தெருத் தக்காளியிலும் ஒட்டு ரகமே மிகுதி.

நல்ல ரகமானாலும் தேனீயைக் கவனிக்க வேண்டும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சேரும், கவலையில்லை. வெண்டையில் ஓரளவு அயல் சேர்க்கை உண்டு. நாளை மலரப்போகும் மொட்டை இன்று மாலையே சிறு துணிப்பையால் மூடுங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் காயை யாரும் சாம்பாருக்குப் பறிக்காமல் காப்பதுதான் கடினம்! பூசணி, சுரை, பீர்க்கு இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் மொட்டை மூடி வைத்து, மலர்ந்ததும் அதே ரகத்தின் ஆண் பூவைக் கொண்டு தடவிவிட்டு மீண்டும் மூட வேண்டும். பூசணி காலையில் மலரும்; சுரையும் பீர்க்கும் மாலையில் மலரும்.

முளைக்குமா? சோதித்துப் பாருங்கள்

திருமண வீட்டில் பாலிகை தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நவதானியத்தை முளைக்க வைக்கும் அந்தச் சடங்கை ஒரு முளைப்புச் சோதனை என்றே சொல்லலாம். நீங்களும் செய்யுங்கள். ஈரத் துணியில் விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்டைக்கு ஒரு வாரம், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு வாரம் கழித்து முளைத்தவற்றை எண்ணுங்கள்.

எத்தனை விதை வைப்பது? 20 விதையில் 14 முளைத்தால் 70 சதவீதம் என்று சொல்வோம். ஆனால் தற்செயலால் மட்டுமே இதில் 10 சதவீதம் மேலும் கீழும் பிழை வரலாம். 100 விதை வைத்தால் அந்தப் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கும். முளைப்புத் திறன் 50 சதவீதமாகிவிட்டதா? வீசி எறிய வேண்டாம். ஒரு குழிக்கு ஒரு விதைக்குப் பதில் மூன்று போடுங்கள். மூன்றும் தவறும் வாய்ப்பு ½ × ½ × ½, அதாவது எட்டில் ஒன்றுதான்.

வடசென்னை மாணவர்களுக்கு இன்னொரு சொல். நம் பகுதியில் பழைய ரசாயனப் பீப்பாய்களும் பெயின்ட் டப்பாக்களும் மலிவாகக் கிடைக்கும். அவற்றைத் தொட்டியாக்க வேண்டாம். ஆலைகளின் ஓரத்து மண்ணையும், அனல் மின் நிலையச் சாம்பலையும் கீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம். ஈயம் போன்ற உலோகங்கள் கீரை வழியே உடலுக்குள் வந்துவிடும்.

கொடுத்த விதையே மிஞ்சிய விதை

1941 முதல் 1944 வரை லெனின்கிராடு நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்தபோது, அங்கே நிக்கோலாய் வவிலாவ் திரட்டிய விதைக் களஞ்சியத்தைக் காத்த அறிஞர்களில் பலர், கைக்கெட்டிய தானியத்தைத் தொடாமலே பசியால் இறந்தனர். இன்று புதுடெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள், உலர்த்தி, 18 சென்டிகிரேடு உறைநிலைக்குக் கீழே காக்கப்படுகின்றன. நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவில் 2008-இல் திறந்த களஞ்சியத்தில் உலக நாடுகள் தங்கள் விதையின் மறுபடிகளை வைத்துள்ளன. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் இருக்கட்டும் என்பதே நோக்கம்.

எங்கள் வெண்டையும் அப்படித்தான் திரும்பி வந்தது. விதை செத்துவிட்டதை எழுதியபோது ஊரிலிருந்து சித்தி ஒரு சிறு முடிச்சு அனுப்பினார். பல ஆண்டுகளுக்கு முன் பாட்டி அவருக்குக் கொடுத்த விதையின் வழியில் வந்தது. எட்டுப் பட்டையா என்று காய்த்த அன்று எண்ணிப் பார்த்தோம். எட்டுத்தான். அந்த ஆண்டு விதையில் ஒரு புட்டி எங்கள் வீட்டில் வறுத்த அரிசியோடு உலர்ந்தது. மூன்று முடிச்சு திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள மாணவர் வீடுகளுக்குப் போயிற்று.

நீங்களும் இந்த ஆண்டு ஒரே ஒரு செடியின் விதையைச் சேர்த்து, உலர்த்தி, சோதித்து, இரண்டு நண்பர்களுக்குக் கொடுங்கள். "விதை எங்கே?" என்று அடுத்த ஆண்டு அவர்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சிந்திக்க:

1. ஒரு வெண்டை விதையில் 12 சதவீதம் நீர் உள்ளது. அதை 8 சதவீதத்துக்கு உலர்த்தி, 30 சென்டிகிரேடிலிருந்து 20 சென்டிகிரேடுக்கு மாற்றினால் அதன் ஆயுள் எத்தனை மடங்காகும்?

2. முளைப்புத் திறன் 60 சதவீதம். ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டால், குழி வெறுமையாகிவிடும் வாய்ப்பு எவ்வளவு?

விடைகள்: 1. 64 மடங்கு. 2. 100-இல் 16.